பெயர் தேடும் வரிசை

அறுபத்தொரு கடிதங்கள் திரும்பி வந்த பிறகுதான் சிலுவைமுத்து அண்ணாச்சி என் அறைக்கு வந்தார்.

அப்போது நான் சீரிஸில் இருந்தேன். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் சுற்றும் சின்னஞ்சிறு கோள் அது. அங்கே பனிக்கட்டி வெட்டும் குடியிருப்பில் முந்நூறு பேர் இருந்தோம். எனக்கு அஞ்சல் பிரிவில் வேலை. மூன்று மெயில் சர்வர்கள், வெளியே ஒரு பெரிய ஆன்டெனா, ஒரு நாற்காலி. ஒன்பது மணி நேரத்துக்கு ஒரு முறை பொழுது விடியும் இடத்தில் நேரத்தைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிட வேண்டும். ஜன்னலுக்கு வெளியே உப்புப் பாளங்கள் வெள்ளை வெளேரென்று மினுங்கும், பிறகு அணையும், மறுபடி மினுங்கும். அதைப் பார்த்துக்கொண்டே மூன்று வருடங்களைக் கழித்திருந்தேன்.

அண்ணாச்சி சாப்பாட்டுக் கூடத்தின் சமையல்காரர். தூத்துக்குடிப் பக்கம். அவருடைய மனைவி ஆக்னஸ் மேரி ‘ஆழி’ என்ற கப்பலில் வெளிச்சுவர் மெக்கானிக்காகப் போயிருந்தார். நாற்பத்தொரு பேருடன் சனிக்கோளையும் தாண்டிப் போன கப்பல் அது. இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு நாள் அதன் சமிக்ஞை நின்றுபோனது. அதன் பிறகு ஒரு சத்தமும் இல்லை. ஆனாலும் அண்ணாச்சி தினமும் ஆக்னஸுக்கு ஒரு கடிதம் எழுதுவார். அன்றைக்கு என்ன சமைத்தார், யார் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்கள், யார் முகம் சுளித்தார்கள், அவ்வளவுதான் இருக்கும்.

தரையில் கால் பாவாமல் மெல்ல மிதந்து வந்து என் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“பவழம், ஒரு வெவரம் கேக்கணும். எழுதுனதெல்லாம் திரும்பி வருது. ‘இந்தப் பெயரில் எந்த இடமும் இல்லை’ன்னு ஒரு வரி போட்டு வருது. அப்படின்னா என்ன அர்த்தம்?”

“மெஷினுக்குப் பேர் புரியாது அண்ணாச்சி. நீங்க ஆழின்னு எழுதுனா, அந்தப் பேருக்கு எந்த இடம்னு அது யார்கிட்டயாவது கேக்கணும். கேக்க ரெண்டு இடம் இருக்கு. ஒண்ணு, மெஷினுக்குள்ளயே ஒரு சின்னப் பட்டியல். நாமளே கையால எழுதி வைக்கிறது. இன்னொண்ணு, பூமியில இருக்குற பெரிய பட்டியல். எதை முதல்ல கேக்கணும், எதை அடுத்துக் கேக்கணும்னு செட்டிங்ல ஒரு வரி இருக்கு. இங்க அந்த வரியில பூமி மட்டும்தான் இருக்கு.”

“பூமி என்ன சொல்லுது?”

“அப்படி ஒரு பேரே இல்லைங்குது. ரெண்டு வருசம் சத்தமில்லாத கப்பலைப் பட்டியல்லேருந்து எடுத்துருவாங்க. அதான் விதி.”

“அதுவரைக்கும் நான் எழுதுனதெல்லாம் அவளுக்குப் போச்சா?”

ஆழியின் பெயர் அதுவரை பூமியிலுள்ள அஞ்சல் நிலையத்தைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. அங்கிருந்து கப்பலை நோக்கி ஆன்டெனாவைத் திருப்புவதை ஆறு மாதத்திலேயே நிறுத்திவிட்டார்கள். அவருடைய கடிதங்கள் அங்கே வரிசையில் கிடந்தன. இதை அவரிடம் சொன்னேன்.

அவர் ஜன்னல் பக்கம் போய் ஆன்டெனாவைப் பார்த்தார். பிறகு, “அந்த ஒரு வரியை மாத்த எம்புட்டு நேரம் ஆகும்?” என்றார்.

“பத்து செகண்ட். நம்ம பட்டியல் முதல்ல, பூமி அடுத்துன்னு மாத்திட்டு, ஆழின்னு எழுதி, கப்பல் கடைசியாப் போய்க்கிட்டிருந்த பாதையைப் போடணும். நம்ம ஆன்டெனாவே நேரா அந்தப் பக்கம் திரும்பும். ஆனா அங்க யாராவது இருந்தாத்தான் கேக்கும். இல்லேன்னா அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும் அண்ணாச்சி.”

“போய்க்கிட்டே இருக்கட்டும்மா. திரும்பி வராம இருந்தாப் போதும்.”

அந்த வரியை மாற்ற எனக்கு அதிகாரம் இருந்தது. யாரையும் கேட்கவில்லை. அன்று மாலையே ஆன்டெனா வானத்தின் வெறும் கறுப்பான ஒரு மூலையை நோக்கித் திரும்பியது. தினமும் இருபது நிமிடம் மட்டும். சிலுவைமுத்து அண்ணாச்சி ஜன்னலருகே நின்று அது திரும்புவதைப் பார்த்தார். மறுநாள் கடிதம் திரும்பி வரவில்லை என்று சொல்லி எல்லாருக்கும் பாயசம் வைத்தார். கரண்டியிலிருந்து தப்பிய பாயசத் துளிகள் பளிங்குக் குண்டுகள் போல நிதானமாக இறங்குவதைப் பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு பின்தொடர்ந்தார்கள்.

அதற்கடுத்த நாள் வடிவு வந்தாள். சங்கரவடிவு, தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அவளுடைய கணவன் குருபரனும் ஆழியில் போனவன்தான்.

“அக்கா, என் லெட்டரும் திரும்பி வரல,” என்றாள். அவள் குரலில் இருந்ததை மகிழ்ச்சி என்று நினைத்துவிட்டேன்.

“ஆமா வடிவு. நம்ம பட்டியல்ல ஆழியைச் சேர்த்துட்டேன்.”

“யாரைக் கேட்டுச் சேர்த்தீங்க?”

என் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினேன். அவள் உட்கார்ந்தாள்.

“தொண்ணூறு லெட்டர் திரும்பி வரணும்க்கா. அப்பத்தான் அவர் இல்லைன்னு பதிவு பண்ணுவாங்க. தினம் ஒண்ணுதான் அனுப்பலாம். அந்தத் தொண்ணூறு முடிஞ்சாத்தான் நானும் மாசிலாமணியும் கல்யாணத்தைப் பதிய முடியும். அறுபத்தொண்ணு ஆச்சு.”

மாசிலாமணி எங்கள் தோட்டத்தைக் கவனித்துக்கொண்டவன். அவர்களைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். அந்த விதியும் எனக்குத் தெரிந்ததுதான், எங்கோ படித்திருந்தேன். ஆனால் அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த வரியை மாற்றியபோது அது எனக்கு நினைவில் இல்லை.

“தினமும் என்ன எழுதுவ?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“ஒரு வார்த்தைதான். ‘இருக்கீங்களா’ன்னு. முதல் நாள் அதை எழுதிட்டு ரெண்டு மணி நேரம் அழுதேன். இப்ப பல் தேய்க்கிற மாதிரி ஆயிருச்சு. எனக்கு அவர் மேல கோவம் இல்லக்கா. ரெண்டு வருசம் அவரைத் தேடுனேன். போதும்னு இருக்கு. நீங்க மறுபடி கதவைத் திறந்து வச்சா நான் எங்க போறது?”

ஒரே பெயர். அண்ணாச்சிக்கு அது இருக்க வேண்டும், வடிவுக்கு இருக்கக் கூடாது. இரண்டு நாட்கள் யோசித்தேன். சர்வர் முழுவதற்கும் ஒரே வரிசை வைப்பதுதான் வழக்கம். அதை உடைத்து, எழுதுபவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி வரிசை வைத்தேன். அண்ணாச்சியின் கடிதம் முதலில் எங்கள் பட்டியலைக் கேட்கும், ஆழி இருக்கும். வடிவின் கடிதம் பூமியை மட்டும் கேட்கும், ஆழி இருக்காது. கப்பலில் உறவுள்ள பத்தொன்பது குடும்பங்களிடமும் போய், யாருக்கு எந்த வரிசை வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்தேன். சிலர் உடனே சொன்னார்கள். ஒரு பெரியவர் நான்கு முறை மாற்றிச் சொன்னார். இத்தனை வருட வேலையில் ஒரு செட்டிங்குக்காக மனிதர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது அப்போதுதான்.

அதன் பிறகு குடியிருப்பு ஒரு விதமான அமைதிக்கு வந்தது. ஒரே கூடத்தில் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து இரண்டு பேர் ஒரே கப்பலுக்கு எழுதுவார்கள். ஒரு கடிதம் கறுப்பு வானத்துக்குள் போய்விடும். இன்னொன்று ஐம்பது நிமிடத்தில் பூமியின் பதிலோடு திரும்பிவிடும். இருவரும் நிம்மதியாக எழுந்து வேலைக்குப் போவார்கள்.

இருபத்தாறு நாட்கள் இப்படிப் போயின. தினமும் இருபது நிமிடம் ஆன்டெனாவைச் சும்மா திருப்புவது ஏன் என்று நிலையத் தலைவர் ஓர் அறிக்கை கேட்டார். அந்தத் திசையில் போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று எழுத வேண்டும். வந்தது ஒன்றுமில்லை என்று எழுதும் முன், எதற்கும் இருக்கட்டும் என்று நுழைவாயில் பதிவேட்டைத் திறந்தேன்.

அதை யாரும் திறப்பதில்லை. வரும் கடிதங்களை வாசலிலேயே நிறுத்தி, எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டு, சொன்ன பெயர் பொய்யாக இருந்தால் துரத்திவிடும் சின்ன நிரல் ஒன்று உண்டு. முடி வளரத் தைலம் விற்பவர்களையும் போலி லாட்டரிக்காரர்களையும் அது நாள் முழுக்கத் துரத்திக்கொண்டிருக்கும். பதிவேட்டில் ஆயிரக்கணக்கான வரிகள். தைலக்காரர்களுக்கு நடுவில் ஒரு வரி நின்றது.

அனுப்பிய இடம்: ஆழி. பெயர் இல்லை. நிராகரிக்கப்பட்டது.

அதற்குக் கீழே இன்னொன்று. இன்னொன்று. எண்ணினேன். இருநூற்றுப் பதினான்கு.

வெளியே போகும் கடிதத்துக்குப் பெயர் தேடும் வரிசையை மாற்றியிருந்தேன். உள்ளே வரும் கடிதத்தைச் சோதிக்கும் வாசலுக்குத் தனி வரிசை இருப்பதை மறந்துவிட்டேன். அது இன்னமும் பூமியை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தது. பூமி இல்லை என்றது. வாசல் துரத்தியது. துரத்திய செய்தியை அனுப்பியவருக்குச் சொல்லக்கூட அதற்கு வழியில்லை, ஏனென்றால் அப்படி ஓர் இடம்தான் இல்லையே.

பதிவேட்டில் நேரத்தையும் பார்த்தேன். ஒளியே மூன்று மணி நேரம் பயணம் செய்ய வேண்டிய தூரம் அது. எங்கள் ஆன்டெனா எந்த நேரத்தில் தங்கள் பக்கம் திரும்புகிறது என்பதை அங்கிருப்பவர்கள் கணக்கிட்டு, சரியாக அந்த இருபது நிமிடத்துக்குள் வந்து சேரும்படி அனுப்பியிருந்தார்கள். ஒரு நாள் தவறாமல். நான் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. உப்புப் பாளங்கள் ஒரு முறை ஒளிர்ந்து அணைந்துவிட்டன.

வாசலின் வரிசையை மாற்றினேன். கடிதத்தைப் பெறுபவர் தேர்ந்தெடுத்த வரிசைப்படியே வாசலும் கேட்கட்டும் என்று எழுதினேன். அதுதான் நியாயம் என்று அப்போது பட்டது.

மறுநாள் ஆன்டெனா திரும்பியபோது திரையின் முன் இருந்தேன். கடிதங்கள் வரத் தொடங்கின. ஏற்கப்பட்டது, ஏற்கப்பட்டது என்று வரிகள் ஏறின. நடுவில் ஒரு வரி மட்டும் வேறாக வந்தது. பெறுபவர்: சங்கரவடிவு. அனுப்பியவர்: குருபரன். நிராகரிக்கப்பட்டது.

முதலில் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனேன். அண்ணாச்சி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தன் கைத்திரையை என்னிடம் நீட்டினார். கப்பலின் மருத்துவர் ஹெப்சிபா எழுதியிருந்தார்.

‘ஆக்னஸ் மேரி விபத்து நடந்த முதல் மணி நேரத்திலேயே இறந்துவிட்டார். வெளிச்சுவரில் விழுந்த வெடிப்பை அடைக்கப் போன நான்கு பேரில் அவரும் ஒருவர். மீதி முப்பத்தேழு பேர் இருப்பது அந்த நால்வரால்தான். அவருடைய அஞ்சல் பெட்டியை மூட எங்களுக்கு மனம் வரவில்லை. உங்கள் கடிதங்கள் அதில் வந்து விழுந்தன. விபத்தில் உடைந்த எங்கள் ஆன்டெனாவைச் சரிசெய்யவே ஒன்றரை வருடம் ஆனது, அதற்குள் பூமி எங்கள் பக்கம் திரும்புவதை நிறுத்தியிருந்தது. இரண்டு வருடங்களில் எங்களுக்குக் கேட்ட முதல் குரல் அது. அடுத்தவர் கடிதத்தைப் படிப்பது தவறு. முதல் கடிதத்தை மட்டும் படிக்கலாம் என்றோம், பிறகு நிறுத்த முடியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் தினமும் ஒருவர் உரக்கப் படிக்கிறார். எங்களை மன்னியுங்கள். எழுதுவதை விட்டுவிடாதீர்கள்.’

நான் கைத்திரையைத் திருப்பிக் கொடுத்தேன்.

“மொத மணி நேரத்துலயே போயிட்டாளாம்,” என்றார். “நான் தான் தெனமும் அவகிட்ட பேசிக்கிட்டு இருந்திருக்கேன்.”

“அண்ணாச்சி...”

“மீன் குழம்பு வச்ச அன்னைக்கு எழுதுனதையும் படிச்சிருப்பாங்களா பவழம்? அதுல கொஞ்சம் அந்தரங்கமா எழுதிட்டேன்.”

“படிச்சிருப்பாங்க அண்ணாச்சி.”

அவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. உரித்த வெங்காயச் சருகுகள் எங்களைச் சுற்றி மிதந்துகொண்டிருந்தன. நான் அவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்து எடுத்து முடிக்கும்வரை அவர் கையை எடுக்கவில்லை.

அங்கிருந்து தோட்டத்துக்குப் போனேன். போகாமல் இருந்துவிடலாம் என்றும் வழியில் நினைத்தேன். வடிவுக்கு எண்பத்தெட்டு ஆகியிருந்தது. இன்னும் இரண்டு கடிதம். நான் வாயைத் திறக்காவிட்டாலும், மற்றவர்களுக்கு வந்த கடிதங்களால் ஊருக்குள் ஒரு மணி நேரத்தில் பரவிவிடும். அதை அவள் யார் வாயிலிருந்தோ கேட்கக் கூடாது.

ஊதா விளக்குகளின் கீழே தக்காளிச் செடிகளுக்கு நடுவில் அவளும் மாசிலாமணியும் நின்றிருந்தார்கள். குழாயிலிருந்து கிளம்பிய நீர்த்துளிகள் இலைகளை அடைய அவசரப்படாமல் வந்துகொண்டிருந்தன.

“குருபரன் இருக்காரு வடிவு,” என்றேன். “முப்பத்தேழு பேர் இருக்காங்க. உனக்கு ஒரு லெட்டர் வந்துச்சு. நீ கேட்ட வரிசைப்படி உன் வாசல் அதைத் திருப்பி விட்டுருச்சு. நாளைக்கு மறுபடி அனுப்புவாங்க.”

அவள் ஒரு தக்காளிச் செடியின் தண்டைப் பிடித்துக்கொண்டாள்.

“என்ன எழுதியிருக்காரு?”

“தெரியாது. உறை மட்டும்தான் பதிவுல இருக்கு.”

“அதை உள்ள விட்டா எண்பத்தெட்டும் போச்சு, இல்லக்கா?”

“போச்சு.”

“விடாட்டி?”

“பூமியோட பட்டியல்ல இன்னமும் அந்தப் பேர் இல்ல. நாளன்னைக்கு உன் கணக்கு முடிஞ்சிரும். தாள்ல அது செல்லும்.”

மாசிலாமணி குழாயை அடைத்தான். அவன் பேச்சுக் குறைந்தவன்.

“உள்ள விடச் சொல்லு வடிவு,” என்றான். “அவர் இருக்காருன்னு எனக்கும் தெரிஞ்சு போச்சு. இனி அந்தக் கணக்கை வச்சுக்கிட்டு நான் உன் பக்கத்துல எப்படி உக்காருவேன்?”

வடிவு என்னைப் பார்த்தாள். “ரெண்டு தடவை என் வாழ்க்கைக்குள்ள கையை விட்டுட்டீங்கக்கா,” என்றாள். பிறகு, “வரிசையை மாத்திருங்க,” என்றாள். அதன் பின் எட்டு மாதம் அவள் என்னோடு பேசவில்லை.

மறுநாள் குருபரனின் கடிதம் அவளுக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவள் திரும்ப எழுதினாள். அது நீளமான கடிதம் என்பது மட்டும் அளவிலிருந்து தெரிந்தது. பூமி பதினேழு நாட்கள் கழித்து ஆழியைத் தன் பட்டியலில் மீண்டும் சேர்த்தது. யாரையும் கேட்காமல் ஆன்டெனாவைத் திருப்பியதற்கு எனக்கு ஒரு கண்டனமும், கப்பலைக் கண்டுபிடித்ததற்கு ஒரு பாராட்டும் ஒரே நாளில் வந்தன. கப்பலின் பெரிய இன்ஜின் செத்துவிட்டது. அது தன் பாதையிலேயே வளைந்து சூரியன் பக்கம் திரும்ப முப்பத்தொரு வருடம் ஆகும். உணவு வளர்த்துக்கொள்கிறார்கள், காற்று இருக்கிறது. வந்து சேர்வார்கள், அப்போது எல்லாரும் கிழவர்களாக இருப்பார்கள்.

சிலுவைமுத்து அண்ணாச்சி ஒரு வாரம் எழுதவில்லை. பிறகு எழுதினார், முப்பத்தேழு பேருக்கும். அங்கே வளரும் கீரையை என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தவர்களுக்கு மூன்று விதமாகச் சொல்லிக்கொடுத்தார்.

எட்டாம் மாதம் குருபரனிடமிருந்து நிலைய அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. திருமண உறவிலிருந்து வடிவை விடுவிப்பதாக, சாட்சிகள் இருவரின் கையெழுத்தோடு முறைப்படி எழுதியிருந்தான். கூடவே எனக்குத் தனியாக இரண்டு வரி. கல்யாணத்தன்று ஆன்டெனாவை அந்த நேரத்துக்குத் திருப்ப முடியுமா, இங்கே எல்லாரும் கேட்க ஆசைப்படுகிறார்கள் என்று.

வடிவிடம் போய்க் காட்டினேன். படித்துவிட்டு, “திருப்புங்கக்கா,” என்றாள். எட்டு மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசியது அதுதான்.

கல்யாணம் தோட்டத்திலேயே நடந்தது. ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் போட்டார்கள். பிள்ளைகள் தூவிய பூவிதழ்கள் கீழே விழ ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனதால், மாலை மாற்றி முடிந்த பிறகும் மணமக்கள் மேல் பூ பொழிந்துகொண்டே இருந்தது. அண்ணாச்சியின் சாம்பார் மணம், பெண்களின் பேச்சு, யாரோ தும்மியது, வடிவு சிரித்தது, எல்லாவற்றையும் ஒரு மைக் வாங்கிக்கொண்டது. மணத்தைத் தவிர மற்றதெல்லாம் இருபது நிமிடம் அந்தத் திசையில் போனது.

ஆறு மணி நேரம் கழித்து ஆன்டெனாவை மறுபடி திருப்பியதும் பதில்கள் வரத் தொடங்கின. பந்தி முடிந்து எல்லாரும் கலைந்திருந்தார்கள். நானும் வடிவும் மட்டும் திரையின் முன் இருந்தோம். முப்பத்தாறு வாழ்த்துகள் வந்தன. சிலர் பாட்டு எழுதியிருந்தார்கள். ஒருவர் தும்மியது யார் என்று கேட்டிருந்தார். வடிவு ஒவ்வொன்றையும் நிதானமாகப் படித்தாள்.

கடைசியாகக் குருபரனுடையது வந்தது. ஒரே ஒரு வரி.

‘சத்தம் தெளிவாகக் கேட்டது.’